வேடமும் தலமும்

தொலைக்காட்சித் தொடர் வாரம் தவறாமல் வீடு தேடி வருகிறது. பார்த்துப் பழகியவர்களில் சிலருக்கு, அது எடுக்கப்பட்ட இடத்தை ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. வேல்ஸ் நாட்டுக் கடலோரத்தில் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1925இல் கட்டத் தொடங்கிய சிற்றூர் போர்ட்மெய்ரியன். 1967இல் ஒளிபரப்பான ‘தி பிரிசனர்’ தொடருக்கு அது களமானது. தொடர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ரசிகர்கள் அங்கே கூடி, அதில் வரும் மனிதச் சதுரங்கக் காட்சியைத் தாங்களே காய்களாக நின்று ஆடியிருக்கிறார்கள். கர்நாடகத்தில் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ ஆகும்பேயில் எடுக்கப்பட்டது. அங்குள்ள ‘தொட்டமனை’ என்ற பழைய வீட்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். அதே தொடரில் ரயில் நிலையமாக வந்த அரசாளு நிலையத்தில் 2020இல் மால்குடி அருங்காட்சியகமே வைத்துவிட்டார்கள். மால்குடிக் கதைகளை எழுதிய, புரசைவாக்கத்தில் பிறந்த ஆர்.கே. நாராயணின் மனத்தில், மால்குடி என்ற ஊரின் முதல் உருவமாக எழுந்தது ஒரு ரயில் நிலையம்தான். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த நிலையத்துக்கு இப்போது சிவமொக்கா மாவட்டத்தில் விலாசம் உண்டு.

இவற்றில் சமயச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் ராமாயணத்தில் தொடங்குகிறது. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, 78 பகுதிகளாக, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் வந்தது. பேச்சு முழுவதும் இந்தி. ஆனாலும் இந்தி அறியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் அது ஓடியது. கதை தெரிந்தவர்களுக்கு மொழி தடையாகவில்லை. நாட்டின் பல பகுதிகளில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள், பெட்டிக்கு மாலை போட்டார்கள், ஊதுவத்தி ஏற்றினார்கள். அயோத்தி, மிதிலை, கிஷ்கிந்தை, இலங்கை எல்லாம் எழுந்து நின்றது குஜராத்தின் கடலோர ஊரான உம்பர்காவில் இருந்த ஸ்டுடியோ வளாகத்தில். 2013இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழ் பேசத் தொடங்கிய மகாபாரதத்தின் அஸ்தினாபுரமும் அதே ஊரில்தான் கட்டப்பட்டது. அங்கே போய் நிற்கும் பக்தர் எங்கே நிற்கிறார்? ராமன் நின்ற இடத்திலா, ராமன் வேடம் போட்டவர் நின்ற இடத்திலா, பிளைவுட்டும் சுண்ணாம்பும் இருந்து கலைக்கப்பட்ட வெற்றுத் தரையிலா? மூன்றுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கை கூப்பினால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கேள்விக்குத் தமிழில் நெடிய முன்வரலாறு இருக்கிறது. அதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த நிலப்பகுதி, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரை.

முதலில் ஒரு சொல். தேவார மூவர் பாடிய 276 ஊர்களைச் சைவர்கள் ‘பாடல் பெற்ற தலங்கள்’ என்கிறார்கள். இந்தத் தொடர் அடிக்கடி காதில் விழுவதால் அதன் விநோதம் கவனத்துக்கு வருவதில்லை. ஊரில் சிவன் இருக்கிறான் என்பது பொதுச் செய்தி. அது எல்லா ஊருக்கும் பொருந்தும். இந்த ஊர்களுக்கு மட்டும் தனி வரிசை ஏற்பட்டதற்குக் காரணம் யாரோ ஒருவர் வந்து பாடியது. மலை பெற்றது, ஆறு பெற்றது, அரசன் பெற்றது என்று வகைப்படுத்தாமல், பாடல் பெற்றது என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு கலைப்படைப்பால் ஊருக்கு மதிப்பு வந்து, அந்தப் படைப்பைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் ஊர் ஊராகப் போகிறார்கள் என்றால், படப்பிடிப்புத் தலம் தேடிப் போகிறவருக்கும் தலயாத்திரை போகிறவருக்கும் இடையே முதல் பார்வையில் தூரம் அதிகமில்லை. தொண்டை நாட்டின் 32 பாடல் பெற்ற தலங்களில் திருவொற்றியூர் ஒன்று. அங்கே போகிறவர் அந்த ஊர்ப் பதிகத்தை அந்தச் சன்னிதியிலேயே நின்று பாடுவதுதான் முறை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்துக்குப் போன எகேரியா என்ற கிறித்தவப் பெண்மணியின் பயணக் குறிப்பும் இதே பழக்கத்தைக் காட்டுகிறது: ஒவ்வோர் இடத்திலும் நின்று, விவிலியத்தில் அந்த இடம் வரும் பகுதியை எடுத்து வாசிக்கச் செய்தார்கள். 1941இல் பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் அல்பவாஷ் அந்தப் புனித பூமியை ஆராய்ந்து நூல் எழுதினார். நம்பிக்கைதான் நிலத்தில் இடங்களைக் குறித்துவைக்கிறது, நம்பிக்கை மாறும்போது இடங்களும் நகர்கின்றன என்பது அவர் வாதம். சைவர் ஒருவர் இதைக் கேட்டால் பெரிதாக அதிர்ந்துபோக மாட்டார். பாடல் வந்த பிறகுதான் தலம் என்று அவர் பெயரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நடிப்பைப் பற்றி யோசித்தவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். காஷ்மீரத்தைச் சேர்ந்த சங்குகர், மேடையில் ராமனாக வருபவரைப் பார்க்கும்போது மனத்தில் எழும் அறிவு எத்தகையது என்று கேட்டார். ‘இவன் ராமன்’ என்ற மெய்யறிவா? இல்லை. பொய்யறிவா? பொய் என்று பார்ப்பவர் உதறுவதில்லை. ஐயமா? அதுவும் இல்லை. ‘ராமனைப் போல’ என்ற ஒப்புமையா? பார்க்கும் நேரத்தில் ‘போல’ நினைவில் இருப்பதே இல்லை. ஓவியத்தில் இருக்கும் குதிரையைக் காட்டிக் குழந்தை ‘குதிரை’ என்கிறதே, அந்த நான்கிலும் சேராத தனிவகை அறிவு என்றார் அவர். அவருக்குப் பின் வந்த அபிநவகுப்தர் இன்னும் தள்ளிப் போனார். சாகுந்தலத்தின் தொடக்கத்தில் துரத்தப்படும் மான் அஞ்சி ஓடுகிறது. அந்த அச்சம் இந்த மானுக்கு, இந்தக் காட்டில், இந்த நாளில் என்ற அடையாளங்களை இழந்து, இடமும் காலமும் அற்ற அச்சமாகப் பார்ப்பவருக்குள் நிறைவதுதான் ரசம் என்றார்.

அப்படியானால் படப்பிடிப்பு நடந்த இடத்துக்குப் போவது ரசத்துக்கு நேர் எதிரான காரியம். கலை பாடுபட்டுக் கரைத்த இடத்தை மறுபடி கட்டியாகப் பிடித்துப் பார்க்கும் முயற்சி அது. போகிறவர்கள் பெரும்பாலும் சிறு ஏமாற்றத்தோடு திரும்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: அசோகவனம் இவ்வளவுதானா என்று கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அத்வைதிகளின் கயிற்றரவு உவமையில் விளக்கு வந்ததும் பாம்பு போய்விடும், கயிறு மிஞ்சும். இங்கே வருகிறவருக்குக் கயிறு என்பது புறப்படும்போதே தெரியும். பாம்பு ஓடிய கயிறு என்பதால் தொட்டுப் பார்க்க வருகிறார். அந்த ஆசையை மடமை என்று சொல்ல மனம் வரவில்லை.

திருவொற்றியூர்க் கோயிலில் இந்தப் புதிர் கதையாகவே இருக்கிறது. ஆதிபுரீசுவரர், படம்பக்கநாதர் என்று பெயர்கள், தாயார் வடிவுடையம்மன். தூங்கானை மாட வடிவில் உள்ள கருவறையை முதலாம் ராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுத்தார்கள். கட்டிய தச்சன் ரவி என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. மூலவர் புற்று வடிவம். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். மற்ற நாளெல்லாம் வருகிறவர் கும்பிடுவது கவசத்தை என்றும் சொல்லலாம், கவசத்துக்குள் இருப்பதை என்றும் சொல்லலாம்.

இந்தக் கோயிலுக்குத் தேவார மூவரில் ஒருவரான சுந்தரர் வந்தார். திருவாரூரில் பரவையாரை மணந்தவர். ஒற்றியூருக்குப் பக்கத்தில் ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூரில் சிவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மையல் கொண்டார். பெண் கேட்டு அவர் போனது சிவனிடம். தம்பிரான் தோழர் அல்லவா. சிவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிப் பேசினார். அந்தப் பெண், அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்று நயமாக எடுத்துச் சொன்னாள். உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவனைச் சத்தியம் செய்யச் சொல்கிறேன் என்றார் சிவன். செய்தி சுந்தரருக்கு வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டியவருக்கு ஓரூரில் கட்டுண்டு கிடக்க மனமில்லை. சன்னிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீ கருவறையை விட்டு எழுந்து மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள் என்று தோழரிடம் கேட்டுக்கொண்டார். சிவன் சம்மதித்தார். பிறகு நேரே சங்கிலியாரின் கனவுக்குப் போய், அவன் சன்னிதியில் சத்தியம் செய்ய வந்தால் ஒப்பாதே, மகிழடியில் செய்யச் சொல் என்றும் சொல்லிவைத்தார். விடிந்ததும் சேடியர் அப்படியே கேட்டார்கள்: இதற்காகச் சாமி முன்னால் சத்தியம் செய்யலாமா, மகிழடியே போதும். சுந்தரர் திகைத்தார், மறுத்தால் குட்டு வெளிப்படும். மகிழை மூன்று முறை வலம்வந்து, பிரியேன் என்று சத்தியம் செய்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார், சென்னையை அடுத்த குன்றத்தூர்க்காரர். இந்தக் கதையை அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது போலவே இருக்கிறது. சிரிப்புக்கு அடியில் ஒரு தத்துவ நிலைப்பாடு உண்டு. சுந்தரர் போட்ட கணக்கில் கருவறை ஒரு செட். லிங்கம் இருக்கும், விளக்கு இருக்கும், மணி அடிக்கும். உள்ளே ஆள் இல்லை. ஆளில்லாத இடத்தில் சொன்ன சொல் வசனம், அது கட்டாது. வெளியே இருக்கும் மரம் சாதாரண மரம். சங்கிலியார் சத்தியத்தை மரத்தடிக்கு மாற்றியவுடன் கணக்குத் தலைகீழாகிறது: மரத்தடி சன்னிதியாகிறது, அங்கே சொன்ன சொல் கட்டிவிடுகிறது. எங்கும் நிறைந்தவன் ஓரிடம் விட்டு ஓரிடம் போவது எப்படி என்று சேக்கிழார் கேட்கவில்லை. கேட்டால் கதை நடக்காது. ஆனால் கதையின் விளைவைப் பார்த்தால், இடத்தின் பெருமை மண்ணிலும் கல்லிலும் இல்லை, அங்கே யார் முன்னால் என்ன சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது என்று தெரியும்.

சத்தியம் கட்டியதற்குச் சாட்சியும் உண்டு. தென்றல் வீசும் காலம் வந்தது. திருவாரூர் வசந்த விழாவும் பரவையாரின் ஆடல்பாடலும் சுந்தரருக்கு நினைவு வந்தன. புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. எல்லா ஊரும் ஒன்று, எல்லா ஊரிலும் அவனே என்றால் அவர் ஏன் திருவாரூருக்கு ஏங்க வேண்டும் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. இன்று ஒற்றியூரிலும் தியாகராசர் சன்னிதி இருக்கிறது. இருந்தாலும் ஒற்றியூர் தியாகராசர் ஒற்றியூர்க்காரர், ஆரூர் தியாகராசர் ஆரூர்க்காரர். பக்தி இலக்கியம் ‘எங்கும்’ என்று தத்துவத்தில் சொன்னாலும், அன்பு வைக்கும்போது ஓர் ஊர்ப் பெயர் இல்லாமல் அதற்கு நகர முடிவதில்லை.

மாசிப் பிரம்மோற்சவத்தில் திருக்கல்யாணமும் மகிழடி சேவையும் நடக்கின்றன. சுந்தரர், சங்கிலியார் உருவங்களை மகிழ மரத்தடிக்கு எழுந்தருளச் செய்து, சத்தியம் செய்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். போர்ட்மெய்ரியனில் ரசிகர்கள் சதுரங்கம் ஆடுவதும் வெளித்தோற்றத்தில் இதுபோன்றதே. நிகழ்ந்த இடம், நிகழ்ந்ததைச் சொல்லும் பிரதி, அதை மீண்டும் நடிக்கும் கூட்டம் ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு அடுத்த நாள் தெரிகிறது. சதுரங்கம் ஆடியவர் ஊர் திரும்பினால் அவரை எதுவும் பிடித்திழுக்காது. மகிழடியில் நிற்கிறவரோ சொல்லை மீறினால் கண் போகும் என்ற கதைக்குள் நிற்கிறார். படப்பிடிப்புத் தலம் தன்னைப் பார்க்கச் சொல்கிறது, அத்தோடு சரி. தலம் பார்ப்பவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மொட்டை, விரதம், வேண்டுதல் எல்லாம் அந்தக் கொடுக்கல் வாங்கலின் சில்லறைகள். நடிகர் பேசும் வசனம் அங்கே இல்லாத ஒருவருக்காக, கேமராவுக்கு அப்பால் என்றோ பார்க்கப்போகிறவருக்காகப் பேசப்படுகிறது. பதிகம் அங்கேயே இருப்பவனை நோக்கிப் பாடப்படுகிறது. கண்ணிழந்த துயரை ஒற்றியூரானிடமே முறையிட்டுச் சுந்தரர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது.

அடுத்தது வேடம். ராமாயணத் தொடர் வந்த நாட்களில் ராமனாக நடித்த அருண் கோவில், சீதையாக நடித்த தீபிகா சிக்லியா ஆகியோரின் காலில் மக்கள் விழுந்தார்கள். 1991 தேர்தலில் தீபிகா வடோதராவிலிருந்தும், ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காந்தாவிலிருந்தும் மக்களவைக்குப் போனார்கள். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் கண்ணனாக வந்த நிதிஷ் பரத்வாஜ் 1996இல் ஜாம்ஷெட்பூரில் வென்றார். அருண் கோவில் 2024இல் மீரட்டில் வென்றார். ராவணனுக்கும் வாக்கு விழுந்தது என்பதைப் பார்த்தால் மக்கள் வாக்களித்தது தர்மத்துக்கு என்று சொல்ல முடியாது, தெரிந்த முகத்துக்குத்தான்.

வேடத்தை வணங்குவது தவறா என்ற கேள்வியைச் சைவம் மிகக் கடுமையான உதாரணத்தைக் கொண்டு எதிர்கொண்டிருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து அடியார் வேடத்தில் உள்ளே வந்தான். ஆகமம் சொல்வதாகச் சொல்லி அரசரைக் குத்தினான். காவலன் தத்தன் வாளை உருவியபோது, சாகும் நிலையில் இருந்த அரசர் தடுத்தார். அவர் நம்மவர், ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்றார். வேடம் பொய் என்பது குத்திய பிறகு அவருக்கு ஐயமறத் தெரியும். தெரிந்தும் வேடத்துக்குரிய மரியாதையை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் இதைக் கோட்பாடாக்குகிறது: அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே எண்ணித் தொழச் சொல்கிறது. வேடம், ஆலயம் இரண்டையும் மெய்கண்டார் ஒன்றாக வைத்தது கவனிக்கத்தக்கது. இரண்டும் பார்வைக்குத் தெரிகிற வெளிப்புறங்கள். எங்கும் உள்ளது கண்ணுக்குப் படுவதில்லை. படுகிற இடத்தில் பிடித்துக்கொள் என்பது சித்தாந்தத்தின் நடைமுறை அறிவு. பாலில் நெய் எங்கும் இருந்தாலும் தயிரில் கடைந்த இடத்தில்தானே திரண்டு தெரிகிறது என்பார்கள்.

இந்த அளவுகோலைத் தொடருக்கு வைத்தால் நடிகரின் காலில் விழுந்தவர் முழு மூடர் ஆகமாட்டார். அவர் மெய்ப்பொருள் நாயனாரின் தூரத்து உறவு. ஆனால் இரண்டுக்கும் நடுவே விலை வேறுபாடு இருக்கிறது. நாயனார் வேடத்துக்குத் தந்தது உயிர். தொடரின் வேடத்துக்குத் தரப்பட்டவை விளம்பரதாரரின் காசும் ஓட்டும். வேடம் பார்க்கிறவனுக்கு நட்டமாகவும் போடுகிறவனுக்கு லாபமாகவும் ஆகும்போது அதைத் தொழுவதா, பரிசோதிப்பதா என்ற கேள்விக்குச் சூத்திரத்தில் நேரடி விடை இல்லை.

இடம் பெயர்வதைப் பற்றியும் வடசென்னைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. அங்குள்ள கல்யாண வரதராசர் கோயிலுக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. ஆளுநரிடம் வேலை பார்த்த ஒருவர் காஞ்சி வரதரிடம் பெரும் பற்றுள்ளவர். காஞ்சியில் அந்த நேரம் என்ன நடக்கிறது என்று ஆளுநர் சோதித்துக் கேட்க, இங்கே இருந்தபடியே அவர் உற்சவத்தைப் பார்த்துச் சொன்னாராம். விசாரித்ததில் அது அப்படியே சரியாக இருந்தது. ஆளுநர் வியந்து வரதருக்கு இங்கேயே கோயில் எழுப்ப உதவினாராம். தொலைக்காட்சி என்ற சொல்லுக்கு இதைவிடப் பழைய, பொருத்தமான கதை கிடைப்பது கடினம். காஞ்சியை இங்கிருந்து பார்த்தவருக்காகக் காஞ்சியே இங்கு வந்துவிட்டது. இதைச் செட் என்று யாரும் சொல்வதில்லை. ஆகம முறைப்படி உயிரூட்டிய உருவம் நகல் ஆகாது என்பது ஒரு காரணம். முந்நூறு ஆண்டாக யாரும் அதைக் கலைத்துக்கொண்டு போகவில்லை என்பது இன்னொரு காரணம். ராயபுரத்தின் பெயரே ராயப்பர் என்ற புனித பேதுருவிடமிருந்து வந்தது. கலிலேயாக் கடலில் வலை வீசியவர் இந்தக் கரைக்கு வந்ததில்லை, படகோட்டிகளின் பற்று அவரைக் கொண்டுவந்தது. அதே ராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சிகளின் தீக்கோயிலில் வழிபடப்படுவது அணையாமல் காக்கப்படும் நெருப்பு. நிலத்தைவிடத் தொடர்ச்சி முக்கியம் என்ற கொள்கைக்கு அது நல்ல சான்று.

சுந்தரர் கதையிலேயே ஒரு தலம் பெயர்ந்திருக்கிறது. கண்ணிழந்து தடுமாறிப் போனவருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஓர் ஊன்றுகோல் தந்தான். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்தன. சென்னைக்குக் குடிநீர் தர 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தத் திருவெண்பாக்கம் தண்ணீருக்குள் போனது. மூர்த்திகளை எடுத்து வந்து பூண்டியில் கரையோரம் வேறு கோயில் கட்டினார்கள். அங்கே ஊன்றீசுவரர் இருக்கிறார். கோல் தந்த மண் ஏரியின் அடியில், கோல் தந்தவர் கரையில். பாடல் பெற்றது எது என்று கேட்டால் சைவர்கள் தயங்காமல் கரையில் உள்ளதைக் காட்டுகிறார்கள். அந்த ஏரியை நிரப்பும் கொசஸ்தலை ஆறுதான் எண்ணூரில் கடலோடு சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுகங்களும் சூழ்ந்த அந்தக் கழிமுகத்தைப் பார்க்கிறவருக்கு, மேலே எங்கோ ஒரு தலம் அதே நீருக்குள் இருப்பது தோன்றாது.

கடலும் தன் பங்குக்கு இடங்களை எடுத்திருக்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதாங்கிச் சுவர்கள் போடத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்துவந்த மணல் அங்கேயே தேங்கியது. தெற்கே மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மணல் வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. மீனவக் குப்பங்களின் வீடுகளும் சாலையும் போயின. இன்று கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும் இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் மக்கள் வலை உலர்த்தினார்கள். இந்தக் கரையில் என்றோ எடுத்த படச்சுருளில் அந்த மணல் இருக்கலாம். அந்த இடத்தைத் தேடிப் போகிறவருக்கு நிற்கத் தரை கிடைக்காது. இங்கே மட்டும் பிம்பம் இடத்தைவிட அதிக நாள் நிற்கிறது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் சுற்றுவட்டத்திலும் படப்பிடிப்பு நடப்பது இன்று அன்றாடக் காட்சி. ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) போன்ற படங்களைப் பார்த்துவிட்டு ஏரியாவைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. திரையில் ரவுடிகளின் ஊராகவே வடசென்னையைக் காட்டுகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் நெடுங்காலமாகக் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையிலும் ஒரு தத்துவம் உள்ளது. ராமாயணத் தொடரைப் பார்த்தவர் உம்பர்காவுக்கு இல்லாத புனிதத்தை ஏற்றினார். இங்கே வருகிறவர் இல்லாத கறையை ஏற்றுகிறார். ஏற்றுவதும் இறக்குவதும் வருகிறவர் கையில் இருக்கிறது, இடத்தின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

இடமே வேண்டாம் என்ற கட்சியும் பழமையானது. நிசாவின் கிரகோரி நான்காம் நூற்றாண்டில் எழுதிய கடிதத்தில், இடம் மாறுவதால் மட்டும் யாரும் கடவுளுக்கு அருகே போய்விடுவதில்லை என்று எச்சரித்தார். தமிழ்ச் சித்தர்கள் அதைவிட வெளிப்படையாகக் கல்லையும் ஊரையும் கேலி செய்தார்கள். சினிமா வந்த நூற்றாண்டில் வாழ்ந்த ரமண மகரிஷி திரையையே உவமையாக்கினார்: படத்தில் தீப்பிடித்தாலும் திரை எரிவதில்லை, வெள்ளம் வந்தாலும் நனைவதில்லை, வந்து போவன காட்சிகள், நிலையாக இருப்பது திரை. இந்தக் கணக்கில் படப்பிடிப்புத் தலம், திருத்தலம் இரண்டுமே படத்துக்குள் வருகிற காட்சிகள். சொன்னவரோ பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்து, 1950இல் மறையும்வரை அந்த மலையடியை விட்டு வெளியே போகவில்லை. இதை முரண்பாடு என்று சுட்டுவது எளிது. உவமை விலக்கச் சொன்னது காட்சியில் மயங்குவதை. ஓரிடத்தில் இருப்பதை அது விலக்கவில்லை.

திருவொற்றியூரிலும் அப்படி ஒருவர் வந்து தங்கினார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார், ஊரையும் உடம்பையும் உறவையும் உதறிப் பாடியவர். முக்தி எங்கே கிட்டும் என்பதற்கு அவருக்குத் தரப்பட்ட அடையாளம் கையிலிருந்த பேய்க்கரும்பு. அது எந்த ஊரில் இனிக்கிறதோ அதுவே இடம். ஊர் ஊராகக் கரும்பைச் சுவைத்துக்கொண்டு வந்தார். ஒற்றியூரில் இனித்தது என்பது கதை. கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடினாராம். தன்னைக் கவிழ்த்து மூடச் சொல்லி, வேறோர் இடத்திலிருந்து எழுந்து வருவார். மறுபடி மூடச் சொல்வார். கடைசி முறை மூடியவர்கள் திறந்து பார்த்தபோது உள்ளே லிங்கம் இருந்தது. 1962இல் வந்த படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராக நடித்ததால், சமாதிக்கு வருகிற பலருக்கு அவர் குரலில்தான் பட்டினத்தார் பேசுகிறார். சமாதி கடலோரத்தில் இருக்கிறது. முன்னால் எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கின்றன. அதற்கு அப்பால் கருங்கல் தடுப்பு, அப்புறம் அலை. பேய்க்கரும்பை இன்றும் சிலர் வாங்கி வந்து அங்கே வைக்கிறார்கள்.